கட்டைவிரலில் தொடங்கிய கதை

1780-களில் நிக்கோலா ஹுஸோன் என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரி ஒரு மருந்துத் தண்ணீரை விற்க ஆரம்பித்தார். குப்பிக்குள் என்ன இருக்கிறது என்று அவர் யாரிடமும் மூச்சுவிடவில்லை. கவுட் என்ற யூரிக் அமில வாதம் வந்து, கால் கட்டைவிரல் சிவந்து வீங்கி, போர்வையின் நுனி பட்டாலே அலறிக்கொண்டிருந்த பணக்காரர்கள் அதைக் குடித்துவிட்டு ஓரிரு நாளில் எழுந்து நடந்தார்கள். கூடவே வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தன. அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து. யானை விலை சொன்னபோதும் குப்பிகள் கடல் தாண்டிப் போயின. லண்டனில் ராயல் சொசைட்டியின் தலைவராக இருந்த ஜோசப் பேங்க்ஸும் வாங்கிக் குடித்தார். கேப்டன் குக்கோடு கப்பலேறிப் போய், உலகத்துச் செடிகொடிகளையெல்லாம் சேகரித்து வந்த தாவரவியல் மேதை அவர். தன் கட்டைவிரலின் வலியைத் தணித்தது எந்தச் செடி என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

1814-ல் ஜான் வான்ட் என்ற அறுவை மருத்துவர் ரகசியத்தை உடைத்தார். குப்பியில் இருந்தது கோல்ச்சிகம். இலையுதிர் காலத்தில் ஐரோப்பியப் புல்வெளிகளில் ஊதா நிறத்தில் பூக்கும் செடி. அதன் கிழங்கு கொடிய நஞ்சு. 6-ம் நூற்றாண்டிலேயே டிராலஸ் நகரத்து அலெக்ஸாண்டர் என்ற கிரேக்க மருத்துவர் மூட்டுவலிக்கு அந்த வகைக் கிழங்கைக் கொடுத்திருந்தார். பின்னால் வந்தவர்கள் சாவுக்குப் பயந்து அதைக் கைவிட்டிருந்தார்கள். 1820-ல் பாரிஸில் பெல்லெட்டியே, காவென்டு என்ற இரண்டு மருந்தாளுநர்கள் கிழங்கின் சாரத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டில் அவர்கள் சிங்கோனா மரப்பட்டையிலிருந்து குயினைனையும் பிரித்தார்கள். குயினைன் உலகப் புகழ் பெற்றது. மற்றதற்கு 1833-ல் கோல்ச்சிசின் என்று பெயர் விழுந்தது. கவுட்காரர்களோடு அதன் பிழைப்பு ஓடியது. உடம்புக்குள் போய் அது என்ன செய்கிறது என்பது யாருக்கும் புரியவில்லை. அது ஐரோப்பிய மண்ணுக்கு மட்டும் சொந்தமில்லை என்பதும் அப்போது யாருக்கும் தெரியாது.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்கியபோது முதலில் வைத்தது செங்காந்தளை. இலையின் நுனியையே சுருட்டிப் பிடிமானமாக்கிக்கொண்டு வேலியிலும் புதரிலும் ஏறும் கொடி. கார்த்திகையை ஒட்டி, அடியில் மஞ்சளும் மேலே சிவப்புமாக, ஆறு இதழ்களையும் பின்னோக்கி வளைத்துக்கொண்டு பூக்கும். மண்ணுக்குள் கிழங்கு இரண்டு கிளையாக மடிந்து கிடக்கும். கண்வலிக்கிழங்கு என்றும் கலப்பைக் கிழங்கு என்றும் சொல்லி, ஊர்ப்பெரியவர்கள் பிள்ளைகளை அதன் கிட்டேயே விடவில்லை. சித்த வைத்தியர்கள் சுத்தி செய்த பிறகே அதைக் கையாண்டார்கள். 1880-ல் கல்கத்தாவில் வார்டன் என்ற வேதியியல் பேராசிரியர் அந்தக் கிழங்கை ஆராய்ந்து, 'சூப்பர்பைன்' என்றொரு நஞ்சைப் பிரித்ததாக அறிவித்தார். விஷயம் அத்தோடு அடங்கிவிட்டது. 1915-ல் இங்கிலாந்தில் க்ளூவர், கிரீன், டுட்டின் என்ற மூன்று வேதியியலாளர்கள் அதே கிழங்கை மறுபடி கையிலெடுத்தார்கள். புது நஞ்சு எதுவும் அகப்படவில்லை. அகப்பட்டது, ஹுஸோனின் குப்பியில் இருந்த அதே கோல்ச்சிசின்.

இரண்டு கண்டங்களில் இரண்டு செடிகள், உள்ளே ஒரே நஞ்சு. ஆனால் அடுத்த ஐம்பது ஆண்டுகள் அதை மருத்துவர்களைவிட உயிரியல் ஆய்வாளர்களே அதிகம் கொண்டாடினார்கள். 1937-ல் அமெரிக்காவில் ஆல்பர்ட் பிளேக்ஸ்லீ அந்த நஞ்சைச் செடிகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் குரோமோசோம்கள் இரட்டித்தன. ஜப்பானில் கிஹாரா அந்த வித்தையைப் பிடித்துக்கொண்டு விதையில்லாத் தர்ப்பூசணியை உருவாக்கினார். 1955-ன் கடைசியில் ஸ்வீடனின் லுண்ட் நகரத்தில் ஜோ ஹின் ட்ஜியோ, பிரிந்துகொண்டிருந்த மனித செல்களை கோல்ச்சிசினால் நடுவழியில் நிறுத்திவைத்து எண்ணிப் பார்த்தார். அதுவரை பாடப்புத்தகங்கள் 48 என்று சொல்லிவந்த மனித குரோமோசோம்களின் எண்ணிக்கை 46 ஆனது. 1966-ல் இலங்கையிலிருந்து வேறு மாதிரிச் செய்தி வந்தது. கிழங்கைத் தின்று உயிர்பிழைத்த ஒரு பெண்ணுக்கு உடம்பிலிருந்த முடி மொத்தமும் உதிர்ந்துபோனதைக் குணரத்ன என்ற மருத்துவர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்.

தர்ப்பூசணி, குரோமோசோம், உதிர்ந்த முடி எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றுதான். 1967-ல் சிகாகோவில் கேரி போரிசியும் எட்வின் டெய்லரும் அதைக் கண்டுபிடித்தார்கள். செல்லுக்குள் சாரம் கட்டியதுபோல் ஓடும் நுண்குழாய்கள் இருக்கின்றன. அந்தக் குழாய்களைக் கட்டும் புரதத்தில் போய் ஒட்டிக்கொண்டு கட்டுமானத்தை நிறுத்துகிறது கோல்ச்சிசின். குழாய் இல்லாமல் செல் பிரிய முடியாது. நேராக ஓர் இலக்கை நோக்கி ஊர்ந்து போகவும் முடியாது. உடம்பில் ஊர்ந்து போவதையே தொழிலாகக் கொண்ட செல்கள் எவை என்பது அதற்கு 85 ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு ரோஜா முள்ளின் தயவில் தெரிந்திருந்தது.

1882-ன் கடைசியில் சிசிலித் தீவின் மெஸ்ஸினா நகரத்தில் எலி மெச்னிகோஃப் என்ற விலங்கியல் ஆய்வாளரின் குடும்பத்தார் சர்க்கஸில் குரங்கு வேடிக்கை பார்க்கப் போயிருந்தார்கள். அவர் மட்டும் மைக்ரோஸ்கோப்போடு வீட்டில் தங்கிவிட்டார். ஒளி ஊடுருவும் உடல்கொண்ட நட்சத்திரமீன் குஞ்சுகளுக்குள் ஊர்ந்துகொண்டிருந்த செல்களைப் பார்த்தபோது அவருக்கு ஒரு யோசனை பொறிதட்டியது. தோட்டத்தில் ரோஜா முட்களைப் பறித்துவந்து குஞ்சின் தோலுக்குள் செருகினார். ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தார். முள்ளைச் சுற்றி அந்தச் செல்கள் மொய்த்திருந்தன. வந்திருப்பது எந்தக் கிருமி என்று அடையாளம் தெரிய வேண்டாம், முன் அனுபவம் வேண்டாம், காயம் பட்டால் போதும், அவை கிளம்பி வந்துவிடும். பிறவியிலேயே உடம்புக்குக் கிடைத்த அந்த எதிர்ப்பு சக்தியைக் கண்டதற்காக 1908-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. முள்ளும் கிருமியும் இல்லாமல், ரத்தம் வராமல் தானாகவே செத்துப்போன ஒரு தசைக்கும் அந்தப் படை வருமா என்பதை அப்போது யாரும் கேட்கவில்லை.

கேட்டவர்கள் பாஸ்டனில் இருந்தார்கள். மல்லரி, மாசசூசெட்ஸ் ஜெனரல் ஹாஸ்பிட்டலின் பால் டட்லி வைட், சால்செடோ-சால்கர் மூவரும் மாரடைப்பு வந்து இறந்தவர்களின் 72 இதயங்களை வரிசையாக அறுத்துப் பார்த்து, 1939-ல் அறிக்கை வெளியிட்டார்கள். அட்டாக் வந்து எத்தனையாவது நாளில் அந்த மனிதர் இறந்தார் என்பதைக் கொண்டு, ஆறும் புண்ணின் நாட்குறிப்பையே அவர்கள் எழுதிவிட்டார்கள். முதல் நாளிலேயே நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் செத்த தசைக்குள் நுழைந்திருந்தன. நாலைந்து நாளில் மேக்ரோஃபேஜ் என்ற பெருந்தீனிச் செல்கள் ஓரத்திலிருந்து குப்பையைத் தின்றுகொண்டே உள்ளே வந்திருந்தன. அதற்குப் பின்னால் புதுச் சிறு ரத்தநாளங்கள், நார்கள். சின்னப் புண் ஐந்து வாரத்தில் தழும்பானது. பெரியது இரண்டு மாதம் வரை எடுத்துக்கொண்டது. இதயத்தின் சுவர் மிகவும் பலவீனமாக இருந்தது முதல் வாரத்தில். சுவர் கிழிந்து இறந்தவர்கள் பெரும்பாலும் அந்த நாட்களில் இறந்தவர்கள். மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் படுக்கையிலேயே வைத்திருக்கும் வழக்கம் அந்த அறிக்கையால் இறுகியது.

வெள்ளணுக்கள் வருகின்றன என்பது தெரிந்தது. அவை நல்லது செய்கின்றனவா, கெடுதல் செய்கின்றனவா? கெடுதல்தான் என்று நினைத்தவர்களுக்கு 1973-ல் ஒரு பெரிய நம்பிக்கை பிறந்தது. யூஜீன் பிரான்வால்ட் என்ற இதய மருத்துவரின் ஆய்வுக்கூடத்தில் பீட்டர் லிபி என்ற மருத்துவ மாணவர், மாரடைப்பு உண்டாக்கப்பட்ட நாய்களுக்கு ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்தார். செத்த தசையின் அளவு குறைந்தது. வீக்கத்தை அடக்கினால் இதயம் பிழைக்கும் என்று தோன்றியது. மலிவான மருந்து, எந்த ஆஸ்பத்திரியிலும் கிடைக்கும். மனிதர்களுக்கும் கொடுத்தார்கள்.

அடுத்த ஆண்டே பெர்னடின் பல்க்லி என்ற இளம் மருத்துவர், வில்லியம் ராபர்ட்ஸோடு சேர்ந்து பிரேதப் பரிசோதனை மேசையிலிருந்து எச்சரித்தார். மாரடைப்பின்போது ஸ்டீராய்டு வாங்கியவர்களின் இதயங்களில் செத்த தசை வாரங்கள் கழிந்தும் அள்ளப்படாமல் அப்படியே கிடந்தது. தழும்பு கட்டவில்லை. சுவர் மெலிந்து பலூனாகப் புடைத்திருந்தது. 1976-ல் இன்னொரு குழு, மெதில்பிரெட்னிசலோன் கொடுக்கப்பட்டவர்களுக்கு நிலைமை மோசமானதைக் கண்டது. இடிபாட்டை அள்ளும் ஆட்களை விரட்டிவிட்டால் கொத்தனாரும் வரமாட்டார் என்பது உயிர்களைக் கொடுத்துத் தெரிந்துகொண்ட பாடம். அந்தப் பல்க்லிதான் பின்னாளில் பெர்னடின் ஹீலி என்ற பெயரில் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களுக்கே தலைமை ஏற்ற முதல் பெண். அதற்குப் பிறகு பல ஆண்டுகள் மாரடைப்புக்கு வீக்கம் குறைக்கும் மருந்து என்றாலே இதய மருத்துவர்கள் ஒதுங்கினார்கள். துணிந்து இறங்கிய சில கம்பெனிகளின் விலையுயர்ந்த மருந்துகளும் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தன. 2007-ல் 5,000-க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்த பெக்செலிசுமாப் அவற்றில் பெரிய தோல்வி.

கதவு சாத்தியே கிடந்திருக்கும். ஆனால் பால் டட்லி வைட்டின் அதே பாஸ்டன் ஆஸ்பத்திரியில் 1972-ல் நடந்த ஒரு தற்செயல் வேறு ஜன்னலைத் திறந்து வைத்திருந்தது. மத்தியதரைக்கடல் ஓர மக்களுக்குப் பரம்பரையாக வரும் காய்ச்சல் ஒன்று உண்டு. எந்தக் கிருமியும் இல்லாமல் திடீரென்று வயிறும் நெஞ்சும் வலித்துக் காய்ச்சல் கொதிக்கும், இரண்டு மூன்று நாளில் தானே அடங்கும், மறுபடி வரும். கோல்ச்சிசின் சாப்பிட்டால் அந்தக் காய்ச்சல் வராமலே நிற்பதை ஸ்டீஃபன் கோல்ட்ஃபிங்கர் என்ற மருத்துவர் ஒரு சிறு கடிதமாக எழுதி அனுப்பினார். கவுட் மருந்து காய்ச்சலை ஏன் நிறுத்தவேண்டும்? முப்பது வருடம் யாராலும் சொல்ல முடியவில்லை.

2002-ல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்தில் யூர்க் சோப் பதிலின் பாதியைக் கண்டுபிடித்தார். வெள்ளணுவுக்குள் சில புரதங்கள் ஒன்றுகூடி ஓர் அபாயமணியாக அமைகின்றன. அடித்தால் இன்டர்லூகின்-1 என்ற ரசாயனம் வெளியே கொட்டி, வீக்கம் பற்றிக்கொள்கிறது. அதற்கு இன்ஃப்ளமசோம் என்று அவர் பெயர் வைத்தார். 2006-ல் அவருடைய குழு மீதிப் பாதியையும் சொன்னது. கவுட்காரர்களின் மூட்டில் படியும் யூரிக் அமிலப் படிகங்கள் அந்த மணியைத்தான் அடிக்கின்றன. கோல்ச்சிசின் மணி அடிக்கவிடாமல் தடுக்கிறது. ஜோசப் பேங்க்ஸின் கட்டைவிரல் புதிர் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்து அவிழ்ந்தது. சோப் 2011-ல் மலையேறப் போன இடத்தில் இறந்துபோனார். அவர் கண்ட மணி கட்டைவிரலில் மட்டும் தொங்கவில்லை என்பது அவர் இருக்கும்போதே வெளிவந்துவிட்டது. 2010-ல் ஐக்கே லாட்ஸின் குழு காட்டியது: இதய ரத்தக்குழாயின் சுவரில் படியும் கொலஸ்ட்ராலும் படிகமாகிறது, அதே மணியை அடிக்கிறது.

அதே பாஸ்டன் ஆஸ்பத்திரியில் 1939-ன் நாட்குறிப்பையும் திருத்தி எழுதிவிட்டார்கள். மத்தியாஸ் நாரன்டார்ஃப், ஃபிலிப் ஸ்விர்ஸ்கி குழு எலிகளின் இதயத்தில் பார்த்தபோது, மாரடைப்புக்குப் பிறகு மோனோசைட் என்ற வெள்ளணுக்கள் இரண்டு அலையாக வந்தன. முதல் மூன்று நான்கு நாட்கள் மூர்க்கமான வகை. செத்ததைத் தின்று, கரைத்து, இடத்தைக் காலி செய்யும். பிறகு சாந்தமான வகை. நார் பின்னவும் புது ரத்தநாளம் முளைக்கவும் துணைநிற்கும். முதல் அலை வராவிட்டால் ஸ்டீராய்டு காலத்துக் கதை. முதல் அலை வந்து போகாமலே தங்கிவிட்டால் அதைவிடப் பெரிய வினை. பக்கத்தில் உயிரோடிருக்கும் தசையும் அரிக்கப்பட்டு, தழும்பு இழுபட்டு, இதயத்தின் கூம்பு வடிவம் போய் உருண்டையாகிவிடும். நம் ஊர் ஆஸ்பத்திரி வராந்தாவில் 'அட்டாக் வந்து ஆறு மாசம் ஆச்சு, எக்கோ எடுத்தா பம்பிங் குறைஞ்சிருக்கு, ஹார்ட் வீங்கியிருக்காம்' என்று உறவினர்கள் சொல்வது இதைத்தான். 2009-ல் அந்தக் குழு இன்னொன்றும் சொன்னது. அந்த முதல் அலையில் பெரும்பகுதி மண்ணீரலில் தயாராகக் காத்திருந்த பட்டாளம். ஆக வேண்டியது அடியோடு அடக்கும் மருந்து அல்ல. வேலை முடிந்த பிறகும் கலையாமல் நிற்கும் கூட்டத்தை மட்டும் மெல்ல அமர்த்தும் மருந்து. அப்படி ஒன்று எங்கே இருக்கிறது?

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் மார்க் நிடார்ஃப் என்ற இதய மருத்துவர் அதை மருந்துக்கடை அலமாரியிலேயே பார்த்துவிட்டார். 2007-ல் அவரும் பீட்டர் தாம்ஸனும் இதய நோயாளிகள் சிலருக்கு கோல்ச்சிசின் கொடுத்தார்கள். ரத்தத்தில் வீக்கத்தைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு இறங்கியது. இந்த மருந்துக்கு இயல்பிலேயே ஒரு வசதி இருந்தது. மற்ற செல்கள் உள்ளே வந்த கோல்ச்சிசினை வெளியே இறைத்துவிடும்; நியூட்ரோஃபில்லிடம் அந்த இறைப்பான் மிகக் குறைவு. அதனால் துளியளவு கொடுத்தாலும் அது போய்ச் சேருவது வேண்டிய இடத்தில். 2013-ல் 532 பேரிடம் நடத்திய சோதனையில் மருந்து சாப்பிட்டவர்களில் 5.3 சதவீதத்தினருக்கும், சாப்பிடாதவர்களில் 16 சதவீதத்தினருக்கும் மறுபடி மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வந்தன. நம்ப முடியாத அளவுக்கு நல்ல முடிவு. அதனாலேயே பலர் நம்பவில்லை. போலி மாத்திரையோடு ஒப்பிடாத சிறிய சோதனை அது. காப்புரிமை இல்லாத கிழட்டு மருந்துக்காகப் பணம் போடப் பெரிய கம்பெனி எதுவும் வரிசையில் நிற்கவில்லை.

பணம் வேறு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. 2009-ல் அமெரிக்காவில் ஒரு கம்பெனி கோல்ச்சிசினுக்கு முறையான அனுமதி வாங்கிக்கொண்டு, அதுவரை 9 சென்ட் விற்ற மாத்திரையை ஏறத்தாழ 5 டாலர் ஆக்கியது. இன்னொரு கம்பெனி இன்டர்லூகின்-1-ஐ நேரடியாகக் கட்டிப்போடும் கனகினுமாப் என்ற ஊசியை 10,061 பேரிடம் சோதித்தது. 2017-ல் பால் ரிட்கர் முடிவை வெளியிட்டபோது அவருடைய குழுவில் பீட்டர் லிபியின் பெயரும் இருந்தது. 1973-ல் நாய்களுக்கு ஸ்டீராய்டு கொடுத்த அதே மாணவர். கொலஸ்ட்ராலைத் தொடாமல் வீக்கத்தை மட்டும் குறைத்தாலும் மறு மாரடைப்பு குறையும் என்பது முதல்முறையாக நிரூபணமானது. ஆனால் உயிர்பறிக்கும் தொற்றுகள் கொஞ்சம் கூடின, ஊசியின் விலையோ எட்டாத உயரத்தில். இதய நோய்க்கு அதைப் பயன்படுத்த அமெரிக்க அனுமதி கிடைக்கவில்லை. கொள்கை ஜெயித்து மருந்து தோற்ற அந்த இடைவெளியில் மான்ட்ரியலிலிருந்து ஒரு செய்தி வந்தது.

ஷான்-க்ளோட் டார்டிஃப் தலைமையில் 4,745 பேர். எல்லோரும் மாரடைப்பு வந்து 30 நாட்களுக்குள் இருப்பவர்கள். பாதிப்பேருக்குத் தினமும் 0.5 மில்லிகிராம் கோல்ச்சிசின், பாதிப்பேருக்குப் போலி மாத்திரை. 2019 நவம்பரில் உறை திறந்தது: மறுபடி பாதிப்பு வந்தவர்கள் மருந்தில் 5.5, போலி மாத்திரையில் 7.1 சதவீதம். இறப்பு எண்ணிக்கையில் பெரிய வித்தியாசமில்லை. பக்கவாதமும், நெஞ்சுவலியோடு அவசரமாக ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் குறைந்திருந்தன. நிமோனியா சற்றுக் கூடியிருந்தது. 2020-ல் நிடார்ஃபின் இரண்டாவது சோதனை, இம்முறை போலி மாத்திரையோடு ஒப்பிட்டு, 5,522 பேரிடம்: 6.8-க்கு 9.6. 2023 ஜூனில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதய நோய்க்கென்று அனுமதித்த முதல் வீக்க எதிர்ப்பு மருந்தானது கோல்ச்சிசின்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் உலைகளும் கம்பி உருட்டும் ஆலைகளும் ராத்திரியிலும் ஓடுகின்றன. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் வயதை 2004-ல் சலீம் யூசுஃபின் உலகளாவிய ஆய்வு கணக்கிட்டது: நடு வயது 53. மற்ற நாட்டினரைவிட ஐந்தாறு ஆண்டு முன்னதாக, ஷிஃப்ட் வேலையில் இருக்கும்போதே வருகிறது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாடின் முதல் டோஸ் கொடுக்கும் 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2023-ல் தொடங்கியது. அதைப் போட்டுக்கொண்டு 108-ல் ஏறினால் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அல்லது நெடுஞ்சாலையில் சுமார் 45 கிலோமீட்டர் தள்ளிச் சென்னை. ஸ்டென்ட் வைத்து வீடு திரும்புகிறவரின் கையில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும். ரத்தம் உறையாமலிருக்க இரண்டு, கொலஸ்ட்ராலுக்கு ஒன்று, பம்பிங்குக்கு ஒன்றோ இரண்டோ. சிலருடைய கவரில் அவற்றோடு இன்னொரு சின்ன அட்டையும் இருக்கிறது. தினம் ஒன்று. விலை சில ரூபாய். 'இது உள்வீக்கத்துக்கு' என்று சொல்லி மருந்துக்கடையில் கிழித்துக் கொடுக்கும் அந்த அரை மில்லிகிராம் மாத்திரைதான் ஹுஸோனின் மருந்துத் தண்ணீர், கபிலரின் செங்காந்தள். சிறுநீரகம் பழுதானவருக்கும், கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக் எடுப்பவருக்கும் அது உடம்பில் தேங்கி மறுபடி பழைய நஞ்சாகிவிடும் என்பதால், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று வாங்கக்கூடாத மாத்திரை அது.

வெற்றிக் கதையாக இதை முடித்துவிட அறிவியல் விடவில்லை. மாரடைப்பு வந்த அன்றே கோல்ச்சிசினைக் கொடுத்தால் தழும்பின் அளவையே குறைக்கலாமே என்று பிரான்ஸில் 192 பேரிடம் முயன்றார்கள். 2021-ல் வந்த முடிவில் தழும்பு சிறிதும் குறையவில்லை. இதயத்தின் வடிவம் மாறுவதும் நிற்கவில்லை. இதய அறைக்குள் ரத்தக்கட்டி உருவானது 7.4-லிருந்து 22.2 சதவீதமாக எகிறியது. பிறகு 2024-ல் கனடாவின் சஞ்சித் ஜாலி, 7,062 பேரிடம் நடத்திய, இதய நோய்க்கான கோல்ச்சிசின் சோதனைகளிலேயே பெரிய சோதனையின் முடிவைப் படித்தார். ஸ்டென்ட் வைத்து 72 மணி நேரத்துக்குள் தொடங்கிய மாத்திரை: 9.1-க்கு 9.3. வித்தியாசமே இல்லை. மான்ட்ரியல் சோதனையில் மருந்து சராசரியாகத் தொடங்கியது மாரடைப்புக்கு 13 நாட்களுக்குப் பிறகு, அதாவது மூர்க்க அலை ஓய்ந்த பின்பு. மருந்து தொடங்கிய நாளா, கோவிட் காலத்தில் நடந்த சோதனையின் குழப்பமா, மருந்தின் பலமே அவ்வளவுதானா என்று வாதம் நடக்கிறது. எலியின் இதயத்தில் இரண்டு அலைகளையும் பார்த்த பிறகு, நாளைத்தான் முதலில் சந்தேகிக்கத் தோன்றுகிறது.

தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கத்து வயல்களில் இந்த வாதம் எதுவும் காத்திருக்கவில்லை. கிழங்கைவிட விதையில் கோல்ச்சிசின் அதிகம் என்பதால் அங்கே காந்தள் விதைக்காகவே பயிராகிறது. கம்பியிலும் முள்கிளுவையிலும் கொடியைப் படரவிடுகிறார்கள். பூவில் சூல்தண்டு மகரந்தத்தைவிட்டு விலகி, பக்கவாட்டில் செங்கோணத்தில் திரும்பி நிற்பதால் தானாகக் காய் பிடிப்பது குறைவு. காலையில் பூ மலர்ந்ததும் வரிசை வரிசையாக நடந்து, ஒவ்வொரு பூவிலும் மகரந்தத்தைக் கையால் தொட்டு வைக்கிறார்கள். பூக்கும் காலம் முழுக்க இந்த வேலை. விதையில் அரை சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஒரு கிலோவில் 5 கிராம் கோல்ச்சிசின், கணக்குக்கு 10,000 மாத்திரை. ஏற்றுமதிக்கு வாங்குபவர்கள் சொல்வதே விலை. ஒரு பருவத்தில் கிலோ ஆயிரக்கணக்கில் ஏறும், அடுத்த பருவத்தில் சரிந்து கிழங்குக்குப் போட்ட முதலைக்கூடத் திருப்பாது. நெல்லுக்கும் பருத்திக்கும் இருக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலை இந்த விதைக்கு இல்லை. இதய நோயாளிகளுக்காக உலகம் இதைக் கேட்கத் தொடங்கியிருக்கும் இந்த நேரத்திலாவது அதை நிர்ணயிக்க வேண்டும்.